செருப்பு விட்டாச்சு

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் யாராவது "செருப்பு விட்டாச்சு" என்று எழுதினால் எனக்கு வயிறு எரியும். உள்ளே ஒருவர் போய்விட்டார், ஒரு சீட்டு குறைந்தது என்று அர்த்தம். "செருப்பு எடுத்தாச்சு" என்று வந்தால், கையில் கரண்டி இருந்தாலும் சரி, சாக்பீஸ் இருந்தாலும் சரி, போட்டுவிட்டு ஓடுவேன்.

வெளியாருக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். விஷயம் இதுதான். மூலக்கூறுகளைக் கம்ப்யூட்டருக்குள் கட்டி, அவற்றை நகரவிட்டு வேடிக்கை பார்க்கும் ஒரு மென்பொருளை எங்கள் பல்கலைக்கழகம் வாங்கியிருந்தது. யானை விலை. அதனால் ஒரே நேரத்தில் நாலு பேர் மட்டும் பயன்படுத்தும் லைசென்ஸ். பல ஊர்க் கல்லூரிகளில் ஆராய்ச்சிக்குப் பதிந்திருந்த எங்கள் கூட்டம் முழுவதும் அந்த நாலு சீட்டுக்குத்தான் அடித்துக்கொண்டது. கொரோனாவுக்கு முன்னால் எல்லோரும் பல்கலைக்கழக லேபுக்கே போக வேண்டும். வாசலில் செருப்பை விட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். வெளியே நாலு ஜோடி கிடந்தால் உள்ளே இடமில்லை, கதவைத் தட்டாமல் மரத்தடியில் போய் உட்கார்ந்துகொள்வோம். கொரோனா வந்தபோது அவரவர் ஊரிலிருந்தே இணையம் வழியாக அந்த லைசென்ஸைப் பயன்படுத்த அனுமதி கொடுத்தார்கள். லேப் போனது, மரத்தடி போனது, செருப்பு மட்டும் பேச்சில் ஒட்டிக்கொண்டது.

என் ஆராய்ச்சி களிமண். பச்சை மண்ணில் செய்த சாமான் காயும்போது ஏன் விரிசல் விடுகிறது, அடுக்கடுக்காக இருக்கும் களிமண் துகளுக்கு நடுவே தண்ணீர் எப்படி நுழைகிறது, எந்த வழியாக வெளியேறுகிறது என்று பார்ப்பது. பீங்கான் சாமானுக்குப் பேர்போன விருத்தாசலத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் வேறெதை ஆராய்வாள்? என் வீட்டுக்காரர், பீங்கான் ஃபியூஸ் கட்டையும் ஜாடியும் செய்யும் ஒரு செராமிக் கம்பெனியில் கணக்கு பார்க்கிறார். நான் ஒரு தனியார் பள்ளியில் வேதியியல் டீச்சர். பகல் முழுக்கப் பிள்ளைகளோடு கத்திவிட்டு வந்து, மிச்சமிருக்கும் உயிரில் ஆராய்ச்சி.

அந்த உயிரும் போகிற மாதிரி ஒரு சேதி வந்தது. நான் சமர்ப்பித்த ஆய்வேட்டைப் பார்த்த தேர்வாளர் ஒருவர், 'தண்ணீரை இன்னும் நெடுநேரம் நகரவிட்டுப் பார்க்க வேண்டும்' என்று திருப்பி அனுப்பிவிட்டார். நான் ஏற்கனவே வாங்க வேண்டிய நீட்டிப்புகளையெல்லாம் வாங்கித் தீர்த்தவள். இந்தக் கெடுவுக்குள் திருத்திக் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து. அத்தனை வருடப் படிப்பும் குப்பை. இது போதாதென்று என் நெறியாளர் போனில் கூப்பிட்டு இன்னொரு குண்டைப் போட்டார்.

"அம்மா, மாசக் கடைசியோட லைசென்ஸ் முடியுது. புதுப்பிக்கிற மாதிரி இல்லைன்னு சொல்லிட்டாங்க. அதுக்குள்ள ரன்னை முடிச்சுடுங்க. நடுவுல நின்னுச்சுன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

இலவச மென்பொருள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் அதில் போனால் களிமண்ணைக் கட்டுவதிலிருந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கெடு அதற்கு இடம் தராது. ரன் என்று நாங்கள் சொல்லும் அந்தக் கணக்கு, ஒரு தடவை போட்டால் ராப்பகலாக நாள்கணக்கில் ஓடும். மாசக் கடைசிக்குள் முடிய வேண்டுமென்றால் மூச்சு விடாமல் ஓட வேண்டும். நடுவில் கம்ப்யூட்டர் அணைந்தால், கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கலாம்தான். ஆனால் அதற்குள் நம் சீட்டில் வேறொருவர் உட்கார்ந்துவிடுவார்.

எங்கள் வீட்டில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று கடவுளுக்கே தெரியாது. காற்றடித்தால் போகும், மேகம் கறுத்தால் போகும். நான் புலம்பியதைக் கேட்டு என் வீட்டுக்காரர்தான் வழி சொன்னார்.

"ஏம்மா, கம்ப்யூட்டரைத் தூக்கியாந்து எங்க கம்பெனி ஆபீஸ்ல வச்சுடேன். சூளை எரியறப்ப ஜெனரேட்டர் ரெடியாத்தான் இருக்கும். முதலாளிகிட்ட நான் பேசறேன்."

கேஸ் சூளைக்குக் காற்று ஊதும் மோட்டார் நின்றால் உள்ளே வேகும் சரக்கு முழுக்கக் கெட்டுப்போகும். அதனால் ஊரில் கரண்ட் போன உடனே அங்கே ஜெனரேட்டர் ஓடும். முதலாளி நல்ல மனிதர். "அதுக்கென்னங்க டீச்சரம்மா, ஃபியூஸ் கட்டையோட சேந்து உங்க படிப்பும் வேகட்டுமே" என்று சிரித்தார். ஆபீஸின் ஒரு மூலையில், சாம்பிள் ஜாடிகளுக்குப் பக்கத்தில் என் கம்ப்யூட்டர் குடியேறியது. சீட்டு காலியாகக் காத்திருந்து, கிடைத்ததும் ரன்னைப் போட்டு, குழுவில் "செருப்பு விட்டாச்சு" என்று எழுதினேன். இடம் மாறியதைச் சொல்லவில்லை. எங்கிருந்து போட்டால் அவர்களுக்கு என்ன?

இங்கே அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். திருவண்ணாமலைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் கௌரவ விரிவுரையாளர். எங்களைப் போலவே அந்த நாலு சீட்டில் ரன் போடுகிறவர்தான். குழுவில் மூத்தவர், எல்லோருக்கும் அக்கா. நான் ஆராய்ச்சிக்குச் சேர்ந்ததே லேபுக்குப் போகும் காலம் முடியும் தறுவாயில், அதனால் அவரை நேரில் பார்த்ததே இல்லை. குரல்தான் தெரியும். ஒருவருக்குக் கரண்ட் போய்க் கம்ப்யூட்டர் அணைந்தாலும் பல்கலைக்கழகத்து சர்வருக்கு அது சட்டென்று தெரியாது. ஆள் இன்னும் உள்ளே இருப்பதாகவே நினைத்துச் சீட்டைப் பிடித்து வைத்திருக்கும். ஆள் எழுந்து வேறு வழியாகப் போன பிறகும் வாசலில் செருப்பு கிடக்கிற மாதிரி. அப்படிச் சும்மா கிடக்கும் சீட்டை விடுவிக்கிற அதிகாரத்தை லேபுக்குப் பொறுப்பான பேராசிரியர் அக்காவிடம் கொடுத்திருந்தார். அக்கா அதைத் தெய்வ காரியமாகச் செய்தார். மற்றவர்கள் காலையில் பேப்பரில் ராசிபலன் பார்ப்பார்கள். அக்கா மின்தடை அறிவிப்பைப் பார்ப்பார். எங்கள் ஒவ்வொருவர் ஊரும் அவருக்கு மனப்பாடம். இன்றைக்கு யார் ஊரில் கரண்ட் இல்லையோ, அவர் சீட்டை விடுவித்து அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார். குழுவில் யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை. எனக்கே அப்படி எத்தனையோ தடவை சீட்டு கிடைத்திருக்கிறது.

ரன் நன்றாகத்தான் ஓடியது. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. பள்ளி விட்டதும் நேரே கம்பெனிக்குப் போவேன். கம்ப்யூட்டரைத் தொட்டுப் பார்ப்பேன், சூடாக இருந்தால் நிம்மதி. எல்லாவற்றின் மேலும் வெள்ளை மண் தூசு படியும். அதை ஒரு பழைய துணியால் துடைப்பேன். திரையில் களிமண் அடுக்குகளுக்கு நடுவே தண்ணீர் மூலக்கூறுகள் சிவப்பும் வெள்ளையுமாக நெளிந்துகொண்டிருக்கும். 'ஓடுங்கடி, நிக்காம ஓடுங்க' என்று மனசுக்குள் கெஞ்சுவேன்.

விருத்தாசலத்தில் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலை வரை கரண்ட் இருக்காது என்று பேப்பரில் போட்டார்கள். அன்றைக்குப் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, வீட்டுக்காரரின் வண்டியில் தொற்றிக்கொண்டு கம்பெனிக்குப் போய்விட்டேன். ஜெனரேட்டர் மக்கர் பண்ணினால்? டீசல் தீர்ந்துபோனால்?

"நீங்க நேத்தே டீசல் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"நல்லாப் பாத்தீங்களா?"

"ஏம்மா, டேங்குக்குள்ள இறங்கியா பாக்க முடியும்? பேசாம வா."

முதலாளியும் வந்துவிட்டார். என் முகத்தைப் பார்த்ததுமே, "டீச்சரம்மா, உள்ள என் சரக்கு வெந்துக்கிட்டு இருக்குது. ஜெனரேட்டர் நின்னா, உங்க தண்ணி நிக்கறதுக்கு முன்னாடி என் நெஞ்சு நின்னுடும். நீங்க உக்காருங்க" என்றார்.

கரண்ட் போனது. ஃபேன் மெல்லச் சுற்றி நின்றது. கம்ப்யூட்டரின் அடியில் இருந்த யூபிஎஸ் கீச்சுக் கீச்சென்று கத்தியது. வெளியே ஜெனரேட்டர் ஒருமுறை இருமி அடங்கியது. நான் எழுந்து நின்றுவிட்டேன். மாதாவே, மாதாவே என்று வாய் தானாக முணுமுணுத்தது. மறுபடி இருமியது. அப்புறம் தடதடவென்று பிடித்துக்கொண்டது. ஃபேன் சுற்றியது, யூபிஎஸ் வாயை மூடியது, இணையம் தரும் பெட்டியில் பச்சை விளக்குகள் வரிசையாக எரிந்தன. திரையில் தண்ணீர் நெளிந்துகொண்டுதான் இருந்தது. போன உயிர் திரும்பி வந்தது. யாரோ டீ கொண்டுவந்து வைத்தார்கள். பல நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் டீ டீயாக ருசித்தது.

கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினால் தண்ணீர் நின்றுபோயிருந்தது. திரைக்கு நடுவே ஒரு சின்னக் கட்டம். உங்களுக்கு லைசென்ஸ் இல்லை, ரன் நிறுத்தப்பட்டது என்று அது சொன்னது.

கை கால் ஓடவில்லை. ஜெனரேட்டர் ஓடுகிறது, இணையம் ஓடுகிறது, எல்லாம் ஓடுகிறது, ரன் மட்டும் நின்றிருக்கிறது. போனை எடுத்துக் குழுவைப் பார்த்தேன். அக்கா எழுதியிருந்தார்: "விருத்தாசலத்தில் இன்று முழுநாள் மின்தடை. தங்கச்சியின் சீட்டு விடுவிக்கப்பட்டது." அதற்குக் கீழேயே, ரொம்ப நாளாகக் காத்திருந்த புதுச்சேரிக்காரர் ஒருவர் "நன்றி அக்கா, செருப்பு விட்டாச்சு" என்று எழுதி, கும்பிடும் கை வேறு போட்டிருந்தார்.

அடிப்பாவி என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். அக்காவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. அவ்வளவுதான், கண்ணு மண்ணு தெரியவில்லை. அந்தக் குழுவிலேயே, எல்லோர் காதிலும் விழும்படி, வாய்ஸ் மெசேஜ் போட்டேன்.

"யாரைக் கேட்டு என் சீட்டைப் புடுங்குனீங்க? கரண்ட் போனா என்னா, இங்க ஜெனரேட்டர் ஓடிக்கிட்டு இருக்குது. கேக்குதா சத்தம்? நல்லாக் கேளுங்க. ஒரு போன் போட்டுக் கேக்கணும்னு தோணலையா உங்களுக்கு? பேப்பரைப் பாத்து அடுத்தவ பொழப்புல கைய வப்பீங்களா? என் பதிவு போச்சுன்னா நீங்களா வாங்கித் தருவீங்க?"

என் வீட்டுக்காரர் கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டு ஓடிவந்தார். "கொஞ்சம் மெதுவாப் பேசும்மா, சூளைகிட்ட நிக்கறவங்களுக்கெல்லாம் கேக்குது."

"கேக்கட்டும்! நல்லாக் கேக்கட்டும்!" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்துவிட்டேன். முதலாளி ஒன்றும் புரியாமல் இன்னொரு டீ சொன்னார்.

அக்கா கூப்பிடுவதற்குள் எனக்கு ஒரு யுகம் போன மாதிரி இருந்தது. வகுப்பில் இருந்திருக்கிறார். மணி அடித்ததும் போனைப் பார்த்திருக்கிறார். பின்னால் பிள்ளைகள் போடும் இரைச்சல் கேட்டது.

"கரண்ட் இல்லைன்னு போட்டிருந்துச்சும்மா. உன் சீட்டு சும்மா கிடக்குதுன்னு நெனச்சுட்டேன். வூட்லதான போட்டிருக்க?"

"வூட்ல இல்லக்கா, கம்பெனியில."

"அது எனக்குத் தெரியாதேம்மா." குரல் இறங்கிவிட்டது. "அவரு பாவம், ரொம்ப நாளா நிக்கறாரு. இப்ப உக்காந்துட்டாரு. அவரைப் போய் எழுப்ப முடியாது."

"அப்ப நான் என்னாக்கா பண்றது? இப்ப தொடங்குனாத்தான் மாசக் கடைசிக்குள்ள முடியும். இல்லன்னா எல்லாம் போச்சு."

பிள்ளைகளின் இரைச்சல் மட்டும் கேட்டது. அப்புறம் "கொஞ்ச நேரம் இரு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான் திரையையும் போனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குழுவில் அக்காவிடமிருந்து வந்தது: "செருப்பு எடுத்தாச்சு."

நன்றிகூடச் சொல்லவில்லை. வேறு யாராவது புகுந்துவிடப் போகிறார்களே என்ற பதற்றத்தில் உள்ளே போனேன். சேமித்திருந்த இடத்திலிருந்து ரன்னைத் தொடங்கினேன். தண்ணீர் மறுபடி நெளிய ஆரம்பித்த பிறகுதான் "செருப்பு விட்டாச்சு" என்று எழுதினேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது வண்டியை ஓட்டிக்கொண்டே வீட்டுக்காரர் கேட்டார். "அந்தம்மா வேலை முடிஞ்சிருச்சா, எடுத்துட்டாங்க?"

"முடிஞ்சுதான் எடுத்திருப்பாங்க" என்றேன். வேறு மாதிரி நினைத்துப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

அதற்குப் பிந்தைய நாட்கள் எப்படிப் போயின என்று இப்போது நினைத்தாலும் பயமாக இருக்கிறது. காற்றடித்தால் பயம். கம்பெனியில் யாராவது கூட்ட வந்தால், துடைப்பம் ஒயரில் மாட்டிவிடுமோ என்று பயம். குழுவில் எந்தச் சேதி வந்தாலும் பயம். லைசென்ஸ் முடியும் நாள் நெருங்க நெருங்க, எல்லோருமே அலைபாய்ந்துகொண்டிருந்தார்கள். சீட்டு உண்டா, சீட்டு உண்டா என்று நச்சரித்தார்கள். ஒவ்வொரு தடவையும் அக்காதான் பதில் எழுதுவார்: "நாலும் ஓடுகிறது. யாரும் தொட வேண்டாம்." மாசக் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு நடுப்பகலில் ரன் முடிந்தது. நான் "ஐயோ" என்று கத்தியதில், முதலாளி சூளைப் பக்கத்திலிருந்து, "என்னா வெடிச்சுது, என்னா வெடிச்சுது?" என்று கேட்டுக்கொண்டே ஓடிவந்தார்.

திருத்தியதைக் கெடுவுக்குள் கொடுத்தேன், ஏற்றுக்கொண்டார்கள். வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறித்தார்கள். அது பொதுத் தேர்வு, யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வி கேட்கலாம். பல்கலைக்கழகத்தின் கருத்தரங்கக் கூடம். லேபுக்குப் பக்கத்துக் கட்டடம்தான், இங்கேயும் செருப்பை வாசலில்தான் விட வேண்டும். நான் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நுழையப் போகும்போது, கையில் குடையோடு கொஞ்சம் கனத்த உடம்புள்ள ஒரு அம்மா என் முன்னால் வந்து நின்றார்.

"நான்தாம்மா" என்றார்.

குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. எனக்கு முகம் சுண்டிப்போனது. அன்றைக்குப் போனில் பேசியதற்குப் பிறகு நாங்கள் பேசியதே இல்லை. "அக்கா..." என்று இழுத்தேன். "போ போ, நேரமாகுது, நல்லாப் பேசு" என்று முதுகில் தட்டி உள்ளே அனுப்பிவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பேசினேன். நன்றாகவே பேசினேன். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் இருந்தது. முடியும் தறுவாயில், வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு திரையைக் காட்டினார். நெடுநேர ரன்னின் வெப்பநிலைக் கோடு அதில் இருந்தது. ஒரே சீராகப் போகும் கோட்டில், ஓரிடத்தில் மட்டும் சின்னதாக ஒரு பல் நீட்டிக்கொண்டிருந்தது.

"இந்த எடத்துல ரன் நின்னு, மறுபடி தொடங்குன மாதிரி இருக்குதே. என்ன ஆச்சு?"

எந்தெந்தக் கேள்விக்கோ தயாராக வந்தவள், இதற்குத் தயாராக வரவில்லை. கடைசி வரிசையைப் பார்த்தேன். அதுவரை கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்த அக்கா கையை நிறுத்திவிட்டு மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழுவில் இருந்த இன்னும் சிலரும் அந்தக் கூடத்தில் இருந்தார்கள். அவர்களும் என்னையே பார்த்தார்கள்.

"எங்க ஊர்ல அன்னிக்குக் கரண்ட் கட்டு சார். விருத்தாசலம்" என்றேன். "சேமிச்ச எடத்துலருந்து மறுபடி தொடங்குனேன். அந்தப் பல்லுக்கு அப்புறம் கோடு பழையபடி வந்துடுது, முடிவு மாறல."

கூடம் சிரித்தது. தேர்வாளரும் சிரித்தபடி, "அது எல்லா ஊருக்கும் உள்ளதுதான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். கை தட்டினார்கள். என் நெறியாளர் என்னை டாக்டர் என்று கூப்பிட்டார். என் வீட்டுக்காரர் பைநிறைய வாங்கி வந்திருந்த லட்டை எல்லோருக்கும் நீட்டினார்.

நான் கண்ணால் அக்காவைத் தேடினேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசலுக்குப் போனால், அவர் செருப்பைக் காலால் துழாவித் தேடிக்கொண்டிருந்தார்.

"கரண்ட் கட்டுன்னு சொல்லிட்டியே" என்றார். முகத்தில் சிரிப்பு இருந்தது. "ஜெனரேட்டர் சத்தத்தைக் கேளுங்க, நல்லாக் கேளுங்கன்னு அன்னிக்கு அந்தத் திட்டு திட்டுன."

"மன்னிச்சுக்குங்கக்கா."

"அட, நீ வேற. திட்டாம கொஞ்சவா செய்வாங்க?"

"உங்களுக்கு வாய்மொழித் தேர்வு எப்பக்கா?"

குனிந்து செருப்பின் வாரைக் குதிகாலில் இழுத்துவிட்டுக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். "என் பதிவு முடிஞ்சுபோச்சும்மா. அந்த மாசத்தோட. எனக்கும் அதே கடைசி ரன்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. இனிமே பதியணும்னா முதல்லருந்து பதியணும். பாக்கலாம்."

அவர் நிமிர்ந்து குடையை விரித்தார். என்னவோ ஞாபகம் வந்தவர் போலத் திரும்பி, கொஞ்சம் கவலையோடு கேட்டார்.

"அந்த சீட்டு, உனக்கு முடியற வரைக்கும் இருந்துச்சுல்ல? நடுவுல யாரும் எடுத்துடலையே?"

"இல்லக்கா."

"நான் தெனமும் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். இருந்தாலும் பயம்" என்றார். "போயிட்டு வரேன்மா, பஸ்ஸு போயிடும்."

உள்ளேயிருந்து யாரோ, "டாக்டரம்மா, போட்டோ எடுக்கணும், வாங்க" என்று கூப்பிட்டார்கள். எல்லோரும் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து கட்டடத்துப் படிக்கட்டில் வரிசையாக நின்றார்கள். என்னை நடுவில் நிறுத்தினார்கள். அந்தப் போட்டோ இப்போது எங்கள் வீட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது. அதில் நான் மட்டும் வெறுங்காலோடு நிற்கிறேன், படத்துக்கு வெளியே, பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியைப் பார்த்துக்கொண்டு.